மரங்களை எண்ணுகிறவர்கள்

சென்ற இதழில் ரெம்ப்ராண்ட்டின் ‘மூன்று மரங்கள்’ எட்சிங் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் சிறுபத்திரிகைகளில் ஓவியம் பற்றி யார் எழுதினாலும் சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு எழுதப்படாத விதி இருக்கிறது. எழுதுகிறவர்களே நாலு பேர், அவர்களையும் விரட்டிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். இந்த நல்லெண்ணத்தால் நம் ஓவிய ரசனை ஓர் அங்குலமும் நகர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனவே சந்தோஷப்படாமல் எழுதுகிறேன்.

கட்டுரையின் சாரத்தை நாலு வரியில் சொல்லிவிடலாம். படம் 1643-ல் செய்யப்பட்டது. 1642 ஜூனில் ரெம்ப்ராண்ட்டின் மனைவி சாஸ்கியா இறந்தாள். படத்தில் ஒரு மேடு, மேட்டில் மூன்று மரங்கள். கல்வாரியும் ஒரு மேடு, அதில் மூன்று சிலுவைகள். ஆக, இது துக்கமும் மீட்சியும் பற்றிய படம். இதைச் சொல்லக் கட்டுரையாளருக்கு ஆறு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. ஆறு பக்கத்திலும் ‘கோடு’ என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் ‘தொடுவானக் கோடு’. முழுக்க முழுக்கக் கோடுகளால் ஆன, கோடுகளைத் தவிர வேறு எதுவுமே இல்லாத ஒரு வஸ்துவைப் பற்றிய கட்டுரை இது.

இந்த வாசிப்பு அவருடைய கண்டுபிடிப்பு அல்ல, மேல்நாட்டிலும் பழைய சரக்குதான். மூன்று மரங்களைச் சிலுவைகளாகப் பார்த்தவர்கள் உண்டு, திரித்துவமாகப் பார்த்தவர்களும் உண்டு. அது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சரியாகக்கூட இருக்கலாம், மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் ஏதுமில்லை. என் ஆட்சேபணை வேறு. இந்த முடிவுக்கு வர படத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. யாராவது தொலைபேசியில் “1643, மேடு, மூன்று மரம், மழை” என்று சொன்னால் போதும், கட்டுரையை எழுதி முடித்துவிடலாம். பார்க்காமலே எழுதக்கூடிய ஒன்றை ஓவிய விமர்சனம் என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

இன்னொன்று. ரெம்ப்ராண்ட்டுக்கு மூன்று சிலுவைகள் வேண்டியிருந்தபோது அவர் மூன்று சிலுவைகளையே செய்தார். பத்து வருஷம் கழித்து, 1653-ல். ‘மூன்று சிலுவைகள்’ என்றுதான் அதற்குப் பெயர். மரத்தை மறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

2

எட்சிங்கில் கோடு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இது வெறும் தொழில்நுட்பச் சமாச்சாரம், ரசனைக்குத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் யாப்பு தெரியாமல் வெண்பாவை விமர்சிக்கிறவர்கள்.

செம்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த ஒரு பூச்சு. ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறுகிறார்கள், உலோகத்தைக் கீறுவதில்லை. பிறகு தகட்டை அமிலத்தில் இறக்கினால் பூச்சு விலகிய இடத்தில் செம்பு அரிபடுகிறது. எவ்வளவு நேரம் அமிலத்தில் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. பூச்சை நீக்கி, பள்ளங்களில் மை ஏற்றி, மேல்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளை அழுத்தத்தில் ஓட்டுகிறார்கள். காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்கிறது. ஆகவே எட்சிங்கில் கோடு காகிதத்தின் மேல் லேசாகப் புடைத்து நிற்கும். படம் இடவலமாகப் புரண்டு வரும்.

மெழுகில் ஊசிக்குத் தடையே இல்லை. பேனா மாதிரி ஓடும், தயங்கும், கிறுக்கும். ப்யூரின் என்கிற உளி அப்படி அல்ல. அதை உள்ளங்கையால் தள்ள வேண்டும். உலோகம் எதிர்க்கும். எனவே ப்யூரின் கோடு ஒழுங்கானது. மெலிதாகத் தொடங்கி, தடித்து, கூராக முடியும். மூன்றாவது, ட்ரைபாயிண்ட். பூச்சும் இல்லை, அமிலமும் இல்லை. கூரான ஊசியால் செம்பையே நேரடியாகக் கீறுவது. ஏர் ஓடும்போது சாலின் இருபுறமும் மண் ஒதுங்குவது மாதிரி, செம்புத் துகள் கோட்டின் ஓரத்தில் வரப்பாக எழும்பி நிற்கும். அந்த வரப்பும் மையைப் பிடித்துக்கொள்ளும். அச்சில் அது வெல்வெட் மாதிரி ஒரு கசிந்த கறுப்பாக விழும்.

ஆக மூன்று கோடுகள், மூன்றுக்கும் தனித்தனிக் குணம். கையின் வேகம், உலோகத்தின் எதிர்ப்பு, அமிலத்தில் கழிந்த நேரம் எல்லாம் கோட்டுக்குள் இருக்கின்றன. கோடு எதைக் காட்டுகிறது என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. 1645-ல் பாரிசில் ஆப்ரஹாம் பாஸ் எட்சிங் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். எட்சிங் கோட்டை ப்யூரின் கோடு மாதிரியே ஒழுங்காகத் தோன்றச் செய்வது எப்படி என்பது அதன் முக்கிய அக்கறை. அந்தக் காலத்து நாகரிகம் அது. ரெம்ப்ராண்ட் எதிர்த்திசையில் போனவர். மூன்று கோடுகளையும் ஒரே தகட்டில் ஒன்றோடொன்று மோதவிட்டார், ஒன்றை இன்னொன்றின் வேஷத்தில் ஒளித்துவைக்கவில்லை. 1643-ன் தகட்டில் நடப்பது இந்த மோதல்தான்.

3

‘மூன்று மரங்கள்’ ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் உயரம், 28 சென்டிமீட்டர் அகலம். அவருடைய நிலக்காட்சி எட்சிங்குகளில் இதுதான் பெரியது. எட்சிங், ட்ரைபாயிண்ட், ப்யூரின் மூன்றும் இருக்கின்றன.

முதலில் இடது மேல்மூலை. நேரான, தடித்த, நீண்ட கோடுகள் சாய்வாக இறங்குகின்றன. மழை என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். மழைதான். ஆனால் இப்படி ஒரு கோடு படத்தில் வேறெங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டாமா? தரையில் உள்ள கோடுகள் எல்லாம் நடக்கிற கோடுகள். உடைந்து உடைந்து, வளைந்து, வாய்க்காலைக் கண்டால் விலகி, மாட்டைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகின்றன. மேகங்களில் சுழிக்கிற கோடுகள். வானத்தின் பெரும் பகுதியில் கோடு என்றே சொல்ல முடியாத, பொடிப்பொடியான ஒரு சாம்பல் படிவு. இவற்றுக்கு நடுவே இந்த மூலையில் மட்டும், அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி, கையின் தயக்கம் சிறிதும் இல்லாத கோடுகள். ஒரு மனிதனின் கை நடந்த தடம் இல்லாத கோடு. தரைக்கு ஒரு நியதி, வானத்துக்கு வேறு நியதி என்பது இங்கே கோட்டின் குணத்தால் சொல்லப்படுகிறது. இதைச் சொல்ல ரெம்ப்ராண்ட்டுக்கு எந்தச் சின்னமும் தேவைப்படவில்லை.

அடுத்தது வலப்பக்கம், மரங்கள். சின்னச் சின்னச் சுருள்கள், கொக்கிகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஏறிக் கடைசியில் கறுப்பாகவே ஆகிவிட்ட இடம். அதற்குப் பின்னால் வானத்தின் மிக வெளுத்த பகுதி, ஏறக்குறைய வெறும் காகிதம். படத்தின் மிக அடர்த்தியான கோடும் கோடே இல்லாத இடமும் பக்கத்தில் பக்கத்தில். மரங்கள் நிற்கிற உறுதி அங்கிருந்து வருகிறது. மூன்று என்ற எண்ணிக்கைக்கு அதில் பங்கில்லை. அதே இடத்தில் இரண்டோ நாலோ மரங்கள் இதே அடர்த்தியில் நின்றிருந்தாலும் அவை அந்த வானத்தைத் தாங்கியிருக்கும். மூன்று மரங்களை வெறும் எல்லைக்கோட்டால் வரைந்து வைத்திருந்தால், கல்வாரிச் சின்னம் அப்படியே இருந்திருக்கும், படம் செத்திருக்கும்.

புயல் வருகிறதா போகிறதா என்று ஒரு விவாதம் உண்டு. கட்டுரையாளர் அது போகிறது என்கிறார். மீட்சி வேண்டுமே! நான் எத்தனை முறை பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை. தகடு அதைத் தீர்மானிக்கவில்லை என்பது என் எண்ணம். மழைக்கோடுகள் இடது ஓரத்தில், வெளிச்சம் வலது ஓரத்தில், நடுவில் பரந்த தாழ்நிலம். எந்தத் திசையில் நீங்கள் படிக்கிறீர்களோ அந்தத் திசையில் புயல் நகர்கிறது. அந்தத் தீர்மானமின்மையில்தான் நாம் நிற்கிறோம்.

இனிமேல்தான் விஷயம். இந்தப் படத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். இடது கீழே தண்ணீரோரத்தில் தூண்டில் போடுகிறவன், பக்கத்தில் ஒரு பெண். மேட்டின் உச்சியில் ஆட்கள் ஏறிய ஒரு வண்டி. வலது ஓரத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிற ஒருவன். தூரத்தில் ஆம்ஸ்டர்டாம் என்று பொதுவாகக் கருதப்படும் ஒரு நகரம். எல்லாவற்றுக்கும் மேலாக, வலது கீழ்மூலையின் அடர்ந்த புதருக்குள் இரண்டு காதலர்கள்.

காதலர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. ஏனென்றால் அந்த இரண்டு உருவங்களும் எல்லைக்கோட்டால் பிரித்துக் காட்டப்படவில்லை. புதரின் கிறுக்கல் எந்தக் கோடுகளால் ஆனதோ அதே கோடுகளால் ஆனவர்கள். அந்தக் கறுப்பை மெதுவாக, கோடு கோடாக, கண்ணால் பிரித்துக்கொண்டு போகிறவனுக்கு மட்டும் ஒரு கட்டத்தில் அங்கே ஆள் இருப்பது தெரியவரும். பிறர் கண்ணில் படாமல் இருக்கத்தானே அவர்கள் புதருக்குள் போனார்கள்! அவர்கள் ஒளிந்திருப்பதும், நம்மிடமிருந்து ஒளிக்கப்பட்டிருப்பதும் ஒரே காரியம். இங்கே எது உருவம், எது உள்ளடக்கம்? நாற்பது வருஷமாக நம் பத்திரிகைகள் அடித்துக்கொண்ட அந்தப் பட்டிமன்றத்துக்கு இந்தப் புதரில் இடமில்லை.

மனைவியை இழந்த துக்கம் என்று படித்தவர், இடியும் மழையும் வருகிற நேரத்தில் புதருக்குள் இரண்டு பேர் கட்டிக்கொண்டிருப்பதை என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

4

அவர் பார்க்காததற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற இதழின் அட்டையில் இந்தப் படத்தைத்தான் போட்டிருந்தோம். ‘போட்டிருந்தோம்’ என்கிறேன், ப்ரூஃப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எடுத்து வைத்துப் பாருங்கள். புதர் ஒரு கறுப்புத் திட்டு. வானத்துச் சாம்பல் படிவு முழுக்க வெளுத்துப்போயிருக்கிறது. மழைக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பட்டையாகிவிட்டன. தப்பிப் பிழைத்தவை மூன்று மரங்கள் மட்டும்.

அந்த அட்டையில் எது பிழைத்ததோ அதுதான் கட்டுரையிலும் இருக்கிறது. சின்ன வேட்டை என்பது மோசமான மறு அச்சுகளிலிருந்து பிறந்த விமர்சன முறை. மோசமான மறு அச்சு மரத்தையும் மேட்டையும் சிலுவையையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். கோட்டின் அழுத்தத்தையும் வேகத்தையும் கொண்டுவராது. அப்படிச் சேராத பகுதியை ‘டெக்னிக்’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டு, சேர்ந்ததை ‘அர்த்தம்’ என்று கொண்டாடுகிறோம்.

நான் மட்டும் அசலைப் பார்த்தவனா? இல்லை. ரெம்ப்ராண்ட்டின் ஓர் அச்சைக்கூட நான் கையில் பிடித்ததில்லை, பிடிக்கப்போவதுமில்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் தன் அச்சுகளை மிக நுணுக்கமான படங்களாக எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. அதில்தான் பார்த்தேன். அதிலும் மை புடைத்து நிற்பது தெரியாது. ஓவிய நண்பர் ஒருவர் சென்னையில் எட்சிங் செய்கிறவர். அவருடைய தகட்டை விரலால் தடவிப் பார்க்க ஒரு நாள் அனுமதித்தார். ட்ரைபாயிண்ட் வரப்பு விரலில் குறுகுறுவென்று தட்டியது. இன்னொரு முறை தேய்த்தால் தகடு கெட்டுவிடும் என்று கையைத் தள்ளிவிட்டார். படம் பார்த்துப் படித்ததைவிட அந்த ஒரு நிமிஷத்தில் அதிகம் தெரிந்துகொண்டேன்.

5

பெயர்களை நம்பி அர்த்தம் காண்பதில் உள்ள ஆபத்துக்கு ரெம்ப்ராண்ட்டின் நிலக்காட்சிகளிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு.

1645-ல் செய்த ‘சிக்ஸின் பாலம்’. ஒரு மரப்பாலம், ஒரு படகு, இரண்டு மெலிந்த மரங்கள், பாலத்தில் இரண்டு ஆட்கள். நிழலே ஏறக்குறைய இல்லை. கோடு ஓடிக்கொண்டே போகிறது, காகிதத்தில் பாதிக்கு மேல் வெறுமை. வேலைக்காரன் பக்கத்துக் கிராமத்துக்குக் கடுகு வாங்கப் போய்த் திரும்புவதற்குள் பந்தயம் கட்டி வரைந்தது என்று ஒரு கதையை 1751-ல் ஜெர்சேன் தன் பட்டியலில் எழுதிவைத்தார். கதை மெய்யோ பொய்யோ, கோட்டின் வேகத்தைப் பார்த்துப் பிறந்த கதை அது. அந்த அளவில் அது நம் கட்டுரையைவிட நல்ல விமர்சனம். ஆனால் பாலம் யான் சிக்ஸின் எஸ்டேட்டில் உள்ளதல்ல. ஆம்ஸ்டல் ஆற்றங்கரையில் ஔடர்கெர்க் பக்கம் என்று பிறகு இடம் கண்டார்கள். பெயர் தவறு, கோடு தவறவில்லை.

1651-ல் செய்த ‘பொன் நிறுப்பவரின் வயல்’ இன்னும் சுவாரசியமானது. பொன் நிறுப்பவர் என்பது வரி வசூல் அதிகாரி யான் உய்ட்டன்போகார்ட். அவருடைய நிலம் என்று யாரோ தவறாக நினைத்து வைத்த பெயர். உண்மையில் அது ஹார்லெம் நகருக்கு அருகில் உள்ள சாக்ஸன்பர்க் எஸ்டேட். சொந்தக்காரர் கிறிஸ்டோஃபெல் தைஸ். இந்தத் தைஸ் யார்? 1639-ல் ரெம்ப்ராண்ட் 13,000 கில்டருக்கு வாங்கிய வீட்டை விற்றவர்களில் ஒருவர். அந்தப் பாக்கி தீரவே இல்லை. 1656-ல் ரெம்ப்ராண்ட் தன் சொத்தையெல்லாம் ஒப்படைத்துத் திவாலானார்.

வங்கியில் குப்பை கொட்டுகிற எனக்கு இந்த விவரம் கிடைத்ததும் கை துறுதுறுத்தது. கடன் கொடுத்தவனின் நிலத்தைக் கடன்காரன் வரைகிறான்! சமூகவியல் விமர்சனத்துக்கு இதைவிடத் தீனி வேண்டுமா? இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். படத்தில் கடன் எங்கே இருக்கிறது? நீண்டு தாழ்ந்த ஒரு தகடு, 12 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 32. மேல்பாதி முழுக்க வெறும் வானம். கீழே நிலம் வளைந்து கிடக்கிறது. வயல் வரும் இடங்களில் எல்லாம் ட்ரைபாயிண்ட் வரப்பின் கசிந்த கறுப்பு. உழுத நிலத்தைக் காட்ட அவர் செம்பை உழுதிருக்கிறார். இது உவமை அல்ல, செயல். உழுவதன் தடமே உழுததன் படமாக நிற்கிறது. ஹார்லெமின் பெரிய கோயில்கூட இடவலம் மாறிக் கிடக்கிறது. அதைத் திருத்த அவர் மெனக்கெடவில்லை. எந்த இடம் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

தைஸின் கணக்கு வரலாற்றுக்கு முக்கியம். அதை எழுதுங்கள், நானும் படிக்கிறேன். படத்தின் அர்த்தம் என்று அதை என் தலையில் கட்டாதீர்கள்.

ட்ரைபாயிண்ட் பற்றி ஒன்று பாக்கி. அந்த வரப்பு ரொம்ப நாள் நிற்காது. ஒவ்வொரு முறை துடைத்து ஓட்டும்போதும் நசுங்கும். சில பத்துப் பிரதிகளுக்குள் வெல்வெட் கறுப்பு போய், மெல்லிய சாம்பல் கீறல் மட்டும் மிஞ்சும். தேய்ந்த தகட்டில் எடுத்த பிரதியில் வயல் உண்டு, கோயில் உண்டு, மரம் உண்டு. கட்டுரையாளர் எண்ணுகிற எல்லாமே உண்டு. ஒன்றும் குறையவில்லை, ஆனால் படம் போய்விட்டது. அர்த்தம் பொருள்களில் இருந்தால் இது எப்படி நடக்கும்?

6

ரெம்ப்ராண்ட்டுக்கு முன்னால் ஹெர்குலிஸ் செகர்ஸ் என்று ஒருவர் இருந்தார். மலையே இல்லாத ஹாலந்தில் உட்கார்ந்துகொண்டு பாறை மலைகளாகச் செய்தவர். கோடு அவரிடம் கோடாகவே இருக்காது. புழு அரித்த மாதிரி, பாசி படர்ந்த மாதிரி நொறுங்கிக் கிடக்கும். ஒரே தகட்டை ஒரு முறை நீல மையில், ஒரு முறை பச்சையில், சாயம் ஏற்றிய தாளில், துணியில் என்று அடித்தார். அறியப்பட்ட தகடுகள் ஐம்பத்துச் சொச்சம். அவற்றிலிருந்து நமக்கு மிஞ்சியவை இருநூறுக்கும் குறைவான பிரதிகள். அவருடைய அச்சுகளில் வெண்ணெயும் சோப்பும் மடித்துக் கொடுத்தார்கள் என்று 1678-ல் ஹூக்ஸ்ட்ராட்டன் எழுதுகிறார்.

செகர்ஸின் தகடு ஒன்று ரெம்ப்ராண்ட் கைக்கு வந்தது. தோபியாவும் தேவதூதனும் நடந்துபோகிற நிலக்காட்சி. 1653 வாக்கில் ரெம்ப்ராண்ட் உருவங்களைத் தேய்த்து அழித்து, அந்த இடத்தில் மரங்களையும், எகிப்துக்கு ஓடும் மரியாள் குடும்பத்தையும் வரைந்தார். தேவதூதனின் பெரிய இறகு முழுக்க அழியவில்லை. மர இலைகளுக்குள் இன்றும் தெரிகிறது. நம் கட்டுரையாளர் கண்ணில் இது பட்டால் ‘மறைந்திருந்து காக்கும் தேவதூதன்’ என்று அடுத்த இதழுக்கு எட்டுப் பக்கம் தயார். நான் பார்ப்பது வேறு. செகர்ஸின் மலையை ரெம்ப்ராண்ட் அப்படியே விட்டுவைத்தார். ஒரே தகடு, ஒரே மை, ஒரே காகிதம். இருந்தும் எந்த இடத்தில் ஒரு கை முடிந்து மறு கை தொடங்குகிறது என்று தெரிகிறது. பாறையும் மரமும் எதைக் குறிக்கின்றன என்று கேட்டால் அது தெரியாது. கோட்டைப் பார்த்தால் தெரிகிறது.

இதைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது கலை நூல் அல்ல, என் கவுண்ட்டர்.

எங்கள் கிளையில் ஓய்வுபெற்ற ஆரம்பப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பென்ஷன் கணக்கு வைத்திருக்கிறார். பக்கவாதம் வந்து தேறியவர். கையெழுத்து நடுங்கும். கம்ப்யூட்டரில் உள்ள மாதிரிக் கையெழுத்து பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. ஒத்துப்போகவில்லை என்று இரண்டு மாதம் அவரைத் திரும்பத் திரும்பப் போடவைத்தேன். “ஐயா, இன்னும் ஒரு தடவை போடுங்க.” நாலாவது தடவை அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, எனக்கு இதுக்கு மேல வராது.” மூன்றாவது மாதம் அவருடைய காசோலை ஒன்றைச் சொந்தக்காரப் பையன் கொண்டுவந்தான். 18,000 ரூபாய். கையெழுத்து மாதிரியோடு அச்சாக ஒத்துப்போயிற்று. பாஸ் செய்தேன். அது அவர் போட்டதில்லை.

பணம் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே சரிக்கட்டப்பட்டது. எனக்கு ஒரு மெமோ. அதல்ல என்னைப் பாதித்தது. அந்தக் காசோலையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வடிவம் அப்பழுக்கில்லை. ஆனால் கோடு முழுக்க ஒரே அழுத்தம், ஒரே மந்தம். சொந்தப் பெயரை எழுதுகிறவன் பேனாவைத் தூக்காத இடத்தில் தூக்கி வைத்து ஒட்டியிருந்தது. மை தேங்கியிருந்தது. நான் நிராகரித்த படிவங்களில் பெரியவரின் கோடு நடுங்கியது. ஆனால் எங்கே வேகம் எடுக்க வேண்டுமோ அங்கே வேகம் எடுத்தது, எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தியது. நாற்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை அதில் இருந்தது. நான் எழுத்துக்களைச் சரிபார்த்தேனே தவிர கோட்டைப் பார்க்கவில்லை. உண்மையான மனிதனைத் திருப்பி அனுப்பிவிட்டு அவனுடைய வடிவத்துக்குப் பணம் கொடுத்தேன். மற்ற வங்கிகளிலிருந்து வரும் காசோலைகள் இப்போது படமாகத்தான் எங்களுக்கு வருகின்றன. பேனா பதிந்த பள்ளம் அதில் தெரியாது. அட்டைப்படத்தை வைத்து ரெம்ப்ராண்ட்டைப் படிக்கிற நிலையில்தான் நானும் தினமும் உட்கார்ந்திருக்கிறேன்.

7

‘இதெல்லாம் உருவவாதம், வாழ்க்கையிலிருந்து தப்பித்தல்’ என்று ஒரு பதில் வரும். எதிர்பார்க்கிறேன். நம்மிடம் கைவசம் உள்ள பதில் அது ஒன்றுதான். வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று மேலே சொல்லியிருக்கிறேன். புதருக்குள் இருக்கிறது. கோட்டைப் படிக்காதவனுக்கு அந்த இருவரும் இல்லை. வாழ்க்கையைத் தவறவிட்டது நானா?

நம் கவிதை விமர்சனத்திலும் நடப்பது இதுதான். மழை என்றால் துக்கம், கதவு என்றால் விடுதலை, பறவை என்றால் ஆன்மா என்று ஓர் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு கவிதைகளைச் சரிபார்த்து பாஸ் செய்துகொண்டிருக்கிறோம். அகராதியோடு அச்சாக ஒத்துப்போகிற கவிதைகள் மாதாமாதம் வந்து குவிகின்றன. வரி எங்கே உடைகிறது, எந்தச் சொல்லில் மூச்சு முட்டுகிறது, எங்கே கை நடுங்கியிருக்கிறது என்று கேட்பதில்லை. நடுங்குகிற கவிதைகளைத் திருப்பி அனுப்புகிறோம். யாருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் இதே பத்திரிகையில் ஒரு நண்பரின் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையும் இந்த ரகம்தான். அவர் அதற்காக எனக்கு நன்றி சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கட்டுரையாளருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பதில் எழுதுங்கள், ஆனால் அதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அந்த வலது கீழ்மூலையில் அரை மணி நேரம் செலவழியுங்கள். மரங்களை எண்ண வேண்டாம். அவை மூன்றுதான், அதில் நமக்குள் தகராறு இல்லை.